ஓட்டையில் அடைத்த சேலை

மகனே,

நேற்று நீ போனில் இரண்டு விஷயம் சொன்னாய். படகைப் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதி அனுப்பச் சொன்னாய். அதற்குப் பிறகு, "அன்னைக்கு மாரிமுத்து மாமாவைக் காப்பாத்தின மாதிரி எங்களையும் காப்பாத்திட்டீங்கப்பா" என்றாய். முதலாவதை நீ கேட்க வேண்டும் என்று இரண்டு வருஷமாகக் காத்துக்கொண்டிருந்தவன் நான். இரண்டாவதைக் கேட்டதும் போனை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு வாசலில் போய் நின்றேன். அப்பாவுக்குச் சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று அம்மா உன்னிடம் சொன்னாளாம். அது சந்தோஷம் இல்லை. அது என்னவென்று சொல்லத்தான் இந்த நீளக் கடிதம். படகு விஷயமும் இதில் இருக்கிறது, ஒன்றையும் விடவில்லை. ஆனால் எனக்கு ஒன்றை விட்டு ஒன்றைத் தனியாகச் சொல்ல வராது, பொறுமையாக வாசி.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். எனக்கு உன் மாமனார் மேல் பொறாமை. வயிற்றெரிச்சல் என்றே வைத்துக்கொள், எனக்கு இந்த வயதில் வார்த்தையை மெழுகத் தெரியவில்லை. நீ போன் எடுத்தால் "மாமா சொன்னாரு" இல்லாமல் ஒரு பேச்சு முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விரல் விட்டு எண்ணினேன், பதினோரு தடவை வந்தது. எஞ்சினுக்கு எந்த எண்ணெய் என்று மாமா சொன்னார், கயிற்றை எப்படிக் கட்டுவது என்று மாமா சொன்னார், படகின் இன்னொரு சாவி மாமாவிடம் இருக்கிறது. அந்தச் சாவி என்னை எவ்வளவு நாள் அறுத்தது தெரியுமா? இந்த வீட்டுச் சாவிகூட உன்னிடம் இப்போது இல்லை. அவர் வீட்டிலிருந்து உன் படகுக்குக் காரில் இருபது நிமிஷம் என்று நீ சொன்னது என் காதிலேயே நின்றுவிட்டது.

உன் கல்யாணச் சாப்பாட்டுப் பந்தியில் நடந்தது உனக்கு ஞாபகம் இருக்காது. கண்டி மண்டபத்தில் எல்லோருக்கும் இலை போட்டு, என்னையும் சம்பந்தியையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். நீ பின்னால் வந்து நின்று, என் தோளில் கை வைத்து, அப்பா கண்டி வாவியில் பதினேழு வருஷம் படகு ஓட்டியவர், தீப்பிடித்த படகிலிருந்து ஒருத்தரைக் காப்பாற்றியவர் என்று அவரிடம் சொன்னாய். அவர் பருப்பைப் பிசைந்தபடி சிரித்தார். "மலையில இருக்கிற ஆக்களுக்கு வள்ளத்தைப் பற்றி என்ன தெரியும் எண்டெல்லோ நினைச்சன்" என்றார். அவர் யாழ்ப்பாணக் கடற்கரையில் பிறந்தவர், தகப்பன் கடலுக்குப் போனவர். கேலிக்குச் சொல்லியிருப்பார். நானும் சிரித்தேன். ஆனால் அந்தச் சோறு எனக்கு இறங்கவில்லை. தேயிலைத் தோட்டத்தில் பிறந்ததற்காகத் தோட்டக்காட்டான் என்று சின்ன வயதில் டவுனில் கேட்ட பேச்சு அத்தனையும் அந்த ஒரு சிரிப்பில் எனக்குக் கேட்டது. அவர் சொல்லாததையும் நானாகச் சேர்த்துக் கேட்டேன் என்று இப்போது தெரிகிறது.

பிறகு நீ லண்டனுக்கு வெளியே கால்வாயில் ஒரு படகை வாங்கி அதிலேயே குடியிருக்கப் போவதாகச் சொன்னாய். வீட்டு வாடகைக்கு அது மேல் என்றாய். அதைத் தேடிப் பிடித்துக் கொடுத்ததும் அவர்தான். நீ வீடியோவில் உள்ளே நடந்து காட்டினாய், அறுபதடி நீளம், ஏழடி அகலம், ஒரு பக்கம் நடக்க வழி, மறுபக்கம் அடுப்பு, கட்டில். லயத்துக் காம்பராவைத் தண்ணீரில் விட்ட மாதிரி இருந்தது. நான் வத்தேகமவுக்கு மேலே தோட்டத்துத் தொழிலாளர் வரிசையில் அப்படி ஒரு ஒற்றையறைக் காம்பராவில்தான் பிறந்தேன். ஆனால் அன்றைக்கு எனக்கு உன் மேலும் பொறாமையாக இருந்தது, இதையும் எழுதிவிடுகிறேன். வாழ்நாளில் பதினேழு வருஷம் படகில் போனது, ஒரு துடுப்புக்கூட எனக்குச் சொந்தமில்லை. நீ ஒரே கையெழுத்தில் முழுப் படகுக்குச் சொந்தக்காரன் ஆனாய். வாழ்த்துச் சொன்னேன், ஞாபகமா? அதில் பாதிதான் வாழ்த்து.

சரி, கேட்டதைச் சொல்கிறேன். உன் மாமனார் இதையெல்லாம் சொல்லியிருப்பார். சொல்லியிருந்தாலும் என் வாயாலும் ஒரு தடவை கேள். காலையில் எழுந்ததும் முகம் கழுவுவதற்கு முன் எஞ்சின் பக்கம் பலகையைத் தூக்கிப் படகின் அடியைப் பார். எல்லாப் படகிலும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். எவ்வளவு என்பது முக்கியமில்லை, நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் இருக்கிறதா என்பதுதான் முக்கியம். தண்ணீருக்குள் படகைத் தள்ளுகிற விசிறியைச் சுற்றும் தண்டு வெளியே போகிற இடத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வரும், அது வழக்கம். சொட்டு ஒழுக்கானால் அன்றைக்குப் பயணம் வேண்டாம். தண்ணீர் இறைக்கும் பம்பு வேலை செய்கிறதா என்று மாதத்துக்கு ஒரு தடவை ஒரு வாளி தண்ணீரை ஊற்றிப் பார். பம்பு இருக்கிறது என்ற நம்பிக்கையில் மூழ்கிய படகுகளை நான் பார்த்திருக்கிறேன்.

விசிறியில் புல்லோ பொலித்தீனோ சுற்றிக்கொண்டால் எடுப்பதற்குப் படகின் பின்பக்கம் ஒரு மூடி இருக்கிறது என்றாய். அதைத் திறப்பதற்கு முன் எஞ்சினை நிறுத்து. நிறுத்தினால் போதாது, சாவியைக் கழற்றி உன் பையில் போட்டுக்கொள். வாவியில் நான் ஆகாயத்தாமரையைப் பிடுங்க இடுப்பு வரைக்கும் குனிந்திருந்தபோது ஒருவன் விளையாட்டாக எஞ்சினைத் தட்டிவிட்டான். என் இடது சுட்டுவிரல் நுனி அப்படித்தான் போனது, அரிவாளில் வெட்டுப்பட்டது என்று சின்ன வயதில் உனக்குச் சொன்னது பொய். வேலை முடிந்ததும் அந்த மூடியை இறுக்கி, இன்னொரு தடவை கையால் அசைத்துப் பார். தளர்வாக இருந்தால் விசிறியே தண்ணீரை உள்ளே தள்ளிப் படகை நிரப்பிவிடும். கரையில் மோதப் போகிறது என்றால் காலை நீட்டித் தடுக்காதே. பதினைந்து தொன் இரும்பு அது, உன் கால் எலும்பு. பெயிண்ட் போனால் பூசிக்கொள்ளலாம்.

இரண்டு கதவுக்கு நடுவில் படகை நிறுத்தித் தண்ணீரை ஏற்றி இறக்குகிறீர்களே, அந்தத் தொட்டியை நான் வீடியோவில்தான் பார்த்தேன். பார்த்ததும் பயந்தேன். தண்ணீர் இறங்கும்போது பின்கதவுக்கு அடியில் ஒரு கல்படி தெரிய வருகிறது. படகின் பின்பக்கம் அதன் மேல் உட்கார்ந்துவிட்டால் முன்பக்கம் தொங்கி நிமிஷத்தில் கவிழும். ஆகவே படகை முன்னுக்கு நிறுத்து, அங்கேயே நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே இரு. இறங்கும்போது கயிற்றைக் கட்டி வைக்காதே, கையில் பிடி, ஆனால் கையில் சுற்றாதே. யாராவது தண்ணீரில் விழுந்தால் கூப்பாடு போடுவதற்கு முன் எஞ்சின் விசிறியை நிறுத்து. பேத்திக்கு மிதவைச் சட்டை அவள் எடைக்கு ஏற்றது வாங்கு, வளர்ந்தால் பாவிக்கலாம் என்று பெரிதாக வாங்கிவிடாதே, தலைவழியாக நழுவிவிடும். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை படகைக் கரையேற்றி அடிப்பக்கத்துக்குத் துருப்பிடிக்காமல் கறுப்புத் தார் பூசவேண்டும், அதைத் தள்ளிப்போடாதே.

இனி நெருப்பு. சமையல் காஸும் பெற்றோல் ஆவியும் காற்றைவிடப் பாரம். வீட்டில் கசிந்தால் கதவு இடுக்கால் கொஞ்சம் வெளியே போகும். படகு ஒரு சட்டி, அதற்கு அடியில் வாசல் கிடையாது. கசிந்தது அடியிலேயே கிடக்கும், நீ மேலே நின்று மூக்கை உறிஞ்சினால் தெரியாது. குனிந்து மோப்பம் பிடிக்க வேண்டும். வாடை வந்தால் சிலிண்டரை அடை, கதவுகளைத் திற, ஒரு சுவிட்சையும் தொடாதே, எல்லோரையும் கரைக்கு ஏற்று. இது எனக்கு எப்படித் தெரியும் என்று நீ கேட்கவில்லை. நீதான் பள்ளிக்கூடத்தில் கட்டுரையே எழுதி வாசித்தாயே, என் அப்பா ஒரு வீரர் என்று.

மாரிமுத்துவை உனக்குத் தெரியும், கலகெதரயில் மரக்கறிக் கடை வைத்திருப்பவர், இரண்டு கையிலும் தீக்காயத் தழும்பு. அப்போது வாவியில் சவாரிப் படகுகள் விட்ட ஒரு முதலாளியிடம் நாங்கள் இரண்டு பேரும் வேலை செய்தோம். எனக்கு அங்கே பன்னிரண்டு வருஷம், அவனுக்கு இரண்டு. முதலாளி புதுப் படகு ஒன்று இறக்கினார், சிவப்பும் வெள்ளையும், புது எஞ்சின். அது எனக்குத்தான் என்று நான் வீட்டில் எல்லாம் சொல்லி வைத்திருந்தேன், உன் அம்மாவைக் கேள். முதலாளி சாவியை மாரிமுத்து கையில் கொடுத்தார். அவன் வெளிநாட்டுக்காரர்களோடு நாலு வார்த்தை இங்கிலீஷ் பேசுவான், சிரித்த முகம். எனக்கு ஒரு கிழமை சாப்பாடு பிடிக்கவில்லை.

ஆயுத பூசைக்கு எங்கள் ஆட்கள் லொறிக்கும் தையல் மெஷினுக்கும் சந்தனம் வைப்பது மாதிரி நாங்கள் படகுக்கு வைப்போம். அன்று காலை அவன் பூ வாங்க மார்க்கெட்டுக்குப் போயிருந்தபோது நான் அந்தப் புதுப் படகைக் கழுவக் குனிந்தேன். அடிப்பலகைக்குக் கீழே பெற்றோல் வாடை அடித்தது. தாங்கியிலிருந்து எஞ்சினுக்குப் போகிற குழாய் பூட்டு தளர்ந்து கசிந்திருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தேன், ஈரம். பூட்டை இறுக்கவும், அடியைத் துடைக்கவும் கால் மணித்தியாலம் போதும். நான் செய்யவில்லை. முதலாளி வந்து நிற்கும்போது எஞ்சின் இழுக்காமல் நிற்கட்டும், புதுப் படகை யார் கையில் கொடுத்தோம் என்று அவர் பார்க்கட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன், சத்தியம். மாரிமுத்து மாலை போட்டு, பொட்டு வைத்து, தட்டில் கற்பூரத்தைக் கொளுத்தி, ஆரத்தி காட்டிவிட்டு, அந்தத் தட்டை எஞ்சினுக்குப் பக்கத்தில் பலகை மேல் வைத்தான். எல்லோரும் அப்படித்தான் வைப்போம், வருஷா வருஷம். பொக்கென்று ஒரு சத்தம்தான். அவன் கையிரண்டும் பற்ற, தண்ணீரில் குதித்தான். அவனுக்கு நீந்தத் தெரியாது.

நான் குதித்து இழுத்து வந்தேன், அது உண்மை. வாவிச் சுவரைச் சுற்றி நின்ற சனம் கை தட்டியதும் உண்மை. அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, தீப்பிடித்ததைத் திருத்தி வந்த அந்தப் படகை முதலாளி என்னிடம் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன். கசிவைப் பற்றி ஒருத்தரிடமும் சொல்லவில்லை, உன் அம்மாவிடமும் சொல்லவில்லை. மாரிமுத்து ஒவ்வொரு தீபாவளிக்கும் பலகாரப் பெட்டியோடு வந்து, "அண்ணே, நீங்க இல்லாட்டி நான் இல்ல" என்று சொல்லி, அந்தக் கையால் என் கையைப் பிடிப்பான். அவன் போன பிறகு அந்தப் பலகாரத்தை நான் தொட மாட்டேன், அப்பாவுக்கு இனிப்புப் பிடிக்காது என்று நீ நினைத்துக்கொண்டிருந்தாய்.

இப்போது உன் படகுக்கு வருகிறேன். பேத்தி பிறந்து முப்பத்தோராம் நாள், தீட்டுப் போக்கும் துடக்குக் கழிவு என்று வியாழக்கிழமை வீடியோவில் கூப்பிட்டாய். அங்கே காலை, இங்கே பின்னேரம். உள்ளே இரும்பு அடுப்பில் கரி எரிந்துகொண்டிருந்தது. சம்பந்தியும் அவர் மனைவியும் புது உடுப்பில் நின்றார்கள், நீ சாம்பிராணிப் புகை காட்டினாய். அப்போது சுவரில் மாட்டியிருந்த ஏதோ பெட்டி கீச்சுக் கீச்சென்று கத்தியது. பிள்ளை முழித்துவிடும் என்று சம்பந்தி அதைக் கழற்றி, பற்றரியை எடுத்து மேசையில் வைத்தார். எல்லோரும் சிரித்தீர்கள். மருமகள் தர்ஷினி கட்டிலில் சாய்ந்திருந்தாள், இரண்டு நாளாகத் தலையிடி, வாந்தி வருகிற மாதிரி இருக்கிறது என்றாள். பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று அவள் தாய் சொன்னார்.

நான் அதையெல்லாம் பார்த்தேன், ஆனால் என் கண் வேறு எங்கேயோ இருந்தது. கூரையில் காளான் மாதிரி நிற்கிற பித்தளை மூடிகளுக்குக் கீழே காற்று வரும் ஓட்டைகள் மூன்று இருக்கின்றன. மூன்றிலும் துணி அடைத்திருந்தது. கத்தரிப்பூ நிறம், மஞ்சள் கரை. உன் அம்மாவின் சேலை. தொட்டில் கட்டவும் பிள்ளையைத் துடைக்கவும் நூல் சேலைதான் மெத்தென்று இருக்கும் என்று, தான் கட்டிப் பழசாக்கியதில் நல்லதாகப் பார்த்து, மூன்று தடவை துவைத்து, மடித்து, தபாலில் அனுப்பினாளே, அது. அதைக் கிழித்து ஓட்டையில் அடைத்திருக்கிறார்கள். பச்சை உடம்புக்காரிக்குக் காற்றுப் படக்கூடாது என்று தான்தான் அடைத்ததாகச் சம்பந்தியம்மா பெருமையாகச் சொன்னார். எனக்குக் காது அடைத்துவிட்டது. எங்கள் வீட்டுச் சேலை அவர்களுக்குக் கந்தல் என்றுதான் நினைத்தேன். லைன் சரியில்லை என்று சொல்லி நான்தான் போனை வெட்டினேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. உன் அம்மா தலை முழுகிவிட்டு, முடி காய வைக்கச் சாம்பிராணிக்குக் கரி மூட்டினாள். மூட்டியதும், வழக்கம் போல, பின்கதவையும் ஜன்னலையும் திறந்தாள். குளிருதே, ஏன் திறக்கிறாய் என்று கேட்டேன். "கரி மூட்டினா அடைச்சு வெக்கலாமாங்க? ஒங்க தங்கச்சி பொறந்தப்ப ஒங்க வீட்டுல என்ன நடந்துச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க" என்றாள். நான் பத்து வயதில் இருந்தபோது, மார்கழிக் குளிரில், தங்கச்சி பிறந்த காம்பராவில் கரிச்சட்டி வைத்துக் கதவிடுக்கெல்லாம் சாக்கு அடைத்திருந்தார்கள். காலையில் அம்மாவும் பிள்ளையும் எழும்பவில்லை. அப்பா கதவைப் பெயர்த்துத் தூக்கி வெளியே போட்டதில்தான் உயிர் திரும்பியது. கரிப்புகைக்குள் வாடையில்லாத ஒரு நஞ்சு இருக்கிறது. அதற்கு முதல் அடையாளம் தலையிடி. நான் கதிரையிலிருந்து எழும்பிவிட்டேன். கரி அடுப்பு, அடைத்த ஓட்டை, தலையிடி, கத்திய பெட்டி, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றது. அந்த நஞ்சு வந்தால் எச்சரிக்கத்தான் அந்தப் பெட்டி, அது சாம்பிராணிக்காகக் கத்தவில்லை, அல்லது அதற்காக மட்டும் கத்தவில்லை. அப்போது மணி பன்னிரண்டு.

உனக்கு எடுத்தேன், போன் நிறுத்தியிருந்தது. பிள்ளை தூங்க வேண்டும் என்று இரவில் நிறுத்திவைப்பாய், உங்களுக்கு அப்போது விடிந்திருக்காது. தர்ஷினிக்கும் எடுத்தேன், அதுவும் அப்படித்தான். சம்பந்தியின் நம்பர் என் போனில் இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு ஒரு தடவைகூட நான் அதை அழுத்தியதில்லை. அப்போதும் அழுத்தவில்லை. இங்கேதான் நான் சொல்ல வந்தது. நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய், தெரிந்த நிமிஷமே அப்பா சம்பந்திக்கு எடுத்தார் என்று. இல்லை. நான் எடுத்தபோது நாலு மணி.

அந்த நாலு மணித்தியாலம் என்ன செய்தேன் என்று கேட்பாய். உனக்கு மறுபடி மறுபடி எடுத்துக்கொண்டிருந்தேன். வாவியைச் சுற்றி நடந்தேன். நீ எழும்பிவிடுவாய், போனை எடுப்பாய், நான் உன்னிடமே சொல்வேன், நீ துணியை எடுத்துவிட்டு உன் மாமனாரிடம் "அப்பா சொன்னாரு" என்று சொல்வாய் என்று நினைத்தேன். அந்த இரண்டு வார்த்தைக்காகத்தான் காத்திருந்தேன். அவருக்கு எடுத்தால் அவர் போய் எடுத்துவிடுவார், அப்போது காப்பாற்றியவர் அவர் ஆகிவிடுவார். இல்லையென்றால், மலையில் இருக்கிறவருக்குப் பயம் என்று சிரிப்பார். இப்படியெல்லாம் ஒரு மனுசன் யோசிப்பானா, அதுவும் தன் பேத்தி படுத்திருக்கிற அறையை வைத்து? நான் யோசித்தேன். சவாரிப் படகுகள் கட்டும் இடத்துக்கு வந்தபோது, ஒரு பெடியன் படகில் குனிந்து எஞ்சினுக்குப் பெற்றோல் ஊற்றிக்கொண்டிருந்தான். அந்த வாடை வந்தது. மாரிமுத்துவின் படகில் அன்று காலை விரலில் ஒட்டிய அதே ஈரம் எனக்கு ஞாபகம் வந்தது. தெரிந்தும் சொல்லாமல் நிற்கிறேன், இரண்டாவது தடவை. அங்கேயே, ரோட்டோரத்தில் பஸ் சத்தத்துக்கு நடுவில் நின்று அவருக்கு எடுத்தேன்.

"சம்பந்தி, படகுக் கூரையில அடைச்ச துணியை உடனே எடுக்கணும். உள்ளுக்குக் கரி எரியுது. புள்ளைங்க போன் எடுக்க மாட்டேங்கிறாங்க."

"சீலையைத்தானே சொல்லுறியள்? அது காத்துப் படக்கூடாதெண்டு என்ர மனுசி அடைச்சது."

"காத்துப் படாட்டி செத்துப் போயிருவாங்க, சம்பந்தி."

அவர் சிரிக்கவில்லை. "ஓம் அண்ணை. நான் வெளிக்கிட்டிட்டன்" என்றார். கார்க் கதவு சாத்துகிற சத்தம் எனக்குக் கேட்டது.

மிச்சம் உனக்கே தெரியும், ஆனால் நீ மயக்கத்தில் இருந்ததால் முழுக்கத் தெரியாது. அங்கே அப்போது பத்தரை மணி. நீங்கள் யாரும் எழும்பியிருக்கவில்லை. கதவைத் தட்டித் தட்டிப் பார்த்திருக்கிறார், குரல் கொடுத்திருக்கிறார். பிறகு அவரிடம் இருந்த அந்தச் சாவியால் திறந்திருக்கிறார், நான் வயிறெரிந்த அதே சாவியால். முதலில் பேத்தியைத் தூக்கிக் கரையில் புல் மேல் தன் கோட்டை விரித்துக் கிடத்தி, பிறகு தர்ஷினி, பிறகு உன்னை இழுத்திருக்கிறார். அவருக்கு எழுபது வயது. இன்னும் ஒரு மணித்தியாலம் போயிருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னதை நீ என்னிடம் மறைத்தாய், நான் பயப்படுவேன் என்று. அவர் என்னிடம் சொன்னார், அழுதுகொண்டே சொன்னார். பற்றரியைக் கழற்றியது தான்தான் என்று சொல்லிச் சொல்லி அழுதார். நான் அவருக்கு ஆறுதல் சொன்னேன். பன்னிரண்டு மணியிலிருந்து எனக்குத் தெரியும் என்று சொல்லவில்லை.

ஆகவே, ராசா, நான் இரண்டு தடவையும் யாரையும் காப்பாற்றவில்லை. முதல் தடவை நெருப்பு வைக்க விட்டுவிட்டுக் குதித்தேன். இரண்டாவது தடவை ஆஸ்பத்திரி வரைக்கும் உங்களைப் போக விட்டுவிட்டுப் போன் எடுத்தேன். இதை எழுதினால் என்னிடம் இருந்த ஒரே பெருமையும் போய்விடும் என்று தெரியும். சம்பந்தியின் பக்கத்தில் என்னை உட்கார வைத்துச் சொல்ல உன்னிடம் இருந்தது அந்த ஒரு கதைதான். அதை இனி யாரிடமும் சொல்லாதே. இந்தக் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டு, பந்திச் சிரிப்பைப் பற்றி எழுதியதையும் விடாமல் வாசி. நாளைக்குக் காலையில் நான் குட்ஸ்ஷெட் பஸ் ஸ்டாண்டில் கலகெதர பஸ் ஏறப் போகிறேன், மாரிமுத்துவிடம் நேரில் சொல்ல. அவன் கடைக்குள் விடுவானோ என்னவோ. உனக்குக் கோபம் வந்தால் வரட்டும், எத்தனை நாள் பேசாமல் இருக்க வேண்டுமோ இரு. ஆனால் படகு விஷயத்தைக் கோபத்தில் மறந்துவிடாதே.

அந்தக் கத்துகிற பெட்டிக்குப் புதுப் பற்றரி போடு, இன்னொரு பெட்டி வாங்கிப் படுக்கிற பக்கமும் மாட்டு. அது கத்தினால் பிள்ளை முழிக்கட்டும், அதற்குத்தான் அது. எரிந்து அடங்கிய அடுப்பிலும் நஞ்சு வரும், தணல் கிடக்கும்போது கதவை இறுக்காதே. புகைக்குழாயைக் குளிர்காலம் தொடங்குவதற்கு முன் துப்புரவாக்கு, புகை கசியாமல் அடுப்புக் கதவைச் சுற்றியிருக்கும் கயிறு நைந்திருந்தால் மாற்று. சாம்பிராணி போட வேண்டுமென்றால் கரையில் போடு. தர்ஷினியின் அம்மாவைக் குறை சொல்லாதே, என் அப்பா வீட்டிலும் இதைத்தான் செய்தார்கள், அன்பால்தான் செய்தார்கள். பேத்திக்குக் குளிருமென்றால் இன்னொரு கம்பளி போடு. சேலை பற்றி உன் அம்மாவுக்கு வருத்தமில்லை, வேறு இரண்டு துவைத்துக் காய்கிறது, அனுப்புகிறாள். அவை தொட்டிலுக்கு.

உன் மாமனார் மேல் எனக்குப் பொறாமை போய்விட்டது என்று எழுதத்தான் பார்த்தேன், பேனா ஓடவில்லை. அவர் கோட்டில் என் பேத்தி கிடந்தாள் என்பதை நினைத்தால் இன்னும் எரிகிறது. அவருக்கு இருபது நிமிஷம், எனக்கு விசா. அது எரியட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் அவர் நம்பரை என் போனில் முதல் இடத்தில் போட்டு வைத்திருக்கிறேன், உன் நம்பருக்கும் மேலே. நீ ஒன்று செய். இதை வாசித்து முடித்ததும் எழுந்து போ. கூரையில் இருக்கும் அந்த மூன்று ஓட்டைக்குக் கீழேயும் உன் கையை வைத்துப் பார். மூன்றிலும் காற்றுப் பட வேண்டும். பட்டதென்று ஒரு வரி எனக்கு எழுது, வேறு ஒன்றும் எழுத உனக்கு மனம் வராவிட்டாலும்.

அப்பா